பயன்பாட்டுத் தமிழ், இரண்டாம் ஆண்டு

இறுதித் தேர்வு கிடையாது என்று
நாகர்கோவில் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
மூன்று மணி நேரம், முப்பத்தாறு பக்கம்,
கூடுதல் தாளை நூல் கோத்துக் கட்டும் சாமர்த்தியம்
எதுவும் இங்கே செல்லாது.
செய்து காட்டணும், அவ்வளவுதான்.
மொழிபெயர்ப்புக்கு முப்பது. மெய்ப்புக்கு இருபது.
வாய்மொழிக்கு இருபது.
வெளியில் ஆறு வாரம் வேலை பார்த்த கோப்புக்கு மிச்சம்.
பிந்தினால் நாளொன்றுக்கு இரண்டு கழியும்.

நான் மார்த்தாண்டத்தில்
கல்யாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிறவள்.
மெய்ப்பில் பத்தொன்பது.
போன ஒன்றும்
ஒற்று விட்டதால் போகவில்லை;
மிகாத இடத்தில் தாராளமாக இருந்துவிட்டேன்.

மொழிபெயர்ப்புக்கு
இன்சுலின் ஊசித் தாள் வந்தது.
‘தோலடித் திசுவில் உட்செலுத்துக’
எழுதினேன், அடித்தேன்.
‘தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி
சதையைக் கிள்ளிப் பிடித்து
நேராகக் குத்தவும்.’
இருபத்திரண்டு போட்டு
ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது:
நடை தாழ்ந்துவிட்டது.
தாழாமல் ஊசி எப்படி இறங்கும்
என்று தக்கலை ஸஜிதாவிடம்தான் கேட்டேன்.
அவள் துணைவசனத் தாளில்
ஓர் ஒப்பாரியை
வரிக்கு முப்பத்திரண்டு எழுத்தாக
நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வு பதினைந்து நிமிடம்.
மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, சிவப்புப் பொட்டு.
வெளியூர்த் தேர்வாளர் இளக்கமாகத்தான் தொடங்கினார்:
உங்கள் ஊரில் வெள்ளம் வந்ததுண்டா?
தினமும் வரும் சார்,
காலை ஆறரைக்கு, குழாயில்.
அவர் பேனா நின்றது.
தண்ணீரைச் சொன்னேனாக்கும் என்றேன்.
அந்த ‘ஆக்கு’மும் பதிவாகியிருக்கும்.
பன்னிரண்டு.

பிறகு தேங்காப்பட்டணம்.
துறைமுகத்து அறிவிப்புப் பலகை ஆறு வாரம் என் பொறுப்பு.
முன்பு ஒட்டியிருந்த தாள் இப்படி:
‘தென்கிழக்கு அரபிக்கடல் பகுதிகளில்
மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்
சூறைக்காற்று வீசக்கூடும் என எதிர்பார்க்கப்படுவதால்
மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாமென
அறிவுறுத்தப்படுகிறார்கள்.’
வினைமுற்று வருவதற்குள்
வள்ளம் அலைதடுப்பைத் தாண்டியிருக்கும்.

நான் முதல் வரியிலேயே வைத்தேன்:
‘நாளைக்குக் கடலுக்குப் போகாதீங்க.
கச்சான் பலமா வீசும்.
தங்கலுக்குப் போனவங்களுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க:
எந்தத் துறைமுகம் பக்கமோ
அங்கே கரை சேருங்கள்.’

கடைசிச் சொல்லில் மட்டும்
எனக்குள் இருந்த பாடப்புத்தகம்
எழுந்து நின்றுவிட்டது.

முதல் மதிப்பீட்டாளர் இருபத்தாறு.
இரண்டாமவர் பதின்மூன்று.
‘அரசு அறிவிப்புக்குரிய கண்ணியம் இல்லை.’
வித்தியாசம் இருபது விழுக்காட்டைத் தாண்டினால்
மூன்றாமவருக்குப் போகும்.
அவர் யாரென்று சொல்லமாட்டார்கள்.
எப்போது என்றும்.

வருகைச் சான்றில் சீல் வாங்க
நேற்று திரும்பவும் துறைமுகம் போனேன்.
பலகையில் என் தாள் இன்னும் இருந்தது,
உப்புக்காற்றில் ஒரு மூலை சுருண்டு.
யாரோ நீலப் பேனாவால்
‘சேருங்கள்’ என்பதை ஒரே கோட்டில் அடித்து
மேலே எழுதியிருந்தார்கள்:
கரய புடிங்க.

கையெழுத்தில்லை. மதிப்பெண் இல்லை.
ஒற்றும் இல்லை.
விரல் தன்னால் பேனாவுக்குப் போனது,
ஒரு ‘ப்’ போட.

காலையில்தான் கடையில்
மூன்று அஞ்சலி அடித்து முடித்திருந்தேன்.
மூன்றிலும் ‘சேர்ந்தார்’.

பேனாவைப் பையில் போட்டேன்.
கோப்பு உள்ளே போய்ப் பத்து நாளாகிறது,
இனி ஒரு சொல்லும் மாற்ற முடியாது.
தாளை மட்டும்
போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சீல் வைக்கிறவர்
சாயா குடிக்கப் போயிருந்தார்.